ஒரு குடியேற்றக்காரி எழுதியது

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததில் இருந்தே எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டினேன். பின்னேரம் நாலு மணிக்கு வானொலியில் மாதர் நிகழ்ச்சி. அதில் ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்வதுபோல ஒரு நடிகை தனியே பேசப் போகிறாள். அந்த வாழ்க்கை என்னுடையது. எழுதியதும் நான்தான். நேசமலர் ரீச்சரைத் தவிர அக்கராயனில் அது ஈ காக்கைக்கும் தெரியாது.

எழுதியது ஒரு கோபத்தில். இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு நாங்கள் வந்து ஆறு வருடமாகிறது. போன ஆடியில் ஒரு சண்டை. என் கணவர் இளையதம்பி, "உனக்கென்ன குறை? ஊரில கையகலக் காணி இல்லாமல் இருந்தவளை அஞ்சேக்கர்க்காரியாக்கி வைச்சிருக்கிறன்" என்றார். அந்த அஞ்சேக்கரில் காடு வெட்டியதில் பாதி என் கை. வந்த ஆத்திரத்தில் ஒரு கொப்பியில் நாலு பக்கம் எழுதி ரீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரீச்சர் அதை வாசித்துவிட்டு, 'ஒரு குடியேற்றக்காரி' என்று பெயர் போட்டு, தன் விலாசத்தில் இருந்து வானொலிக்கு அனுப்பிவிட்டார்.

என் கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. ஆனால் தபாலில் போனது போனதுதான். போன கிழமை ரீச்சர் கிணற்றடியில் என் காதோடு, "ஞாயிற்றுக்கிழமை போடினமாம், சிவனேஸ்வரி" என்றார். அன்றோடு என் நித்திரை போயிற்று.

என் பயமெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான். அரசாங்க அதிகாரிகள் ஆட்களை விசாரித்துக் காணி கொடுத்த காணிக் கச்சேரியன்று நடந்ததை அதில் எழுதியிருந்தேன். காணி குடும்பக்காரருக்கு மட்டும்தான் என்று அறிவித்ததும், தனிக்கட்டையாக இருந்த இவருக்கு அவசர அவசரமாக என்னைக் கட்டிவைத்தார்கள். கலியாண எழுத்தில் கையெழுத்து வைத்தபோது இவர் என் பெயரை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் கச்சேரி. மனைவியின் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். இவர் திரும்பி என்னைப் பார்த்து, "உம்மட பேர் என்ன?" என்றார். வரிசையில் நின்ற முன்பின் தெரியாத சனமெல்லாம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என்னைச் சுடுகிறது. இதை ஊருக்கு முன்னால் கேட்டால் மனிதர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பிறகு நான் எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பது?

மூன்று மணிக்கு, "இண்டைக்குத் தண்ணி முறை எங்களுக்கெல்லே? வாய்க்காலடியில ஒருக்கால் பாத்திட்டு வாங்கோவன்" என்றேன்.

"முறை நாளைக்கு. உனக்கென்னப்பா இண்டைக்கு? பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்" என்று சொல்லி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சனசமூக நிலையத்துக்குப் புறப்பட்டார். ஊரில் வானொலி அங்கே மட்டும்தான் இருந்தது. நானும் பின்னாலேயே போனேன். வீட்டில் இருந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.

ஆண்கள் மர வாங்கில், பெண்கள் நாங்கள் கீழே பாயில். எனக்குப் பக்கத்தில் அடுத்த வளவுப் பத்மாசனி. வானொலியின் பற்றரி இறங்கிப்போக வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டினேன். பிள்ளையார் காது கொடுக்கவில்லை. வானொலி கணீரென்று பேசியது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியதை அந்த நடிகை அழுதழுது வாசித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காடு வெட்டியது, பாம்புக்குப் பயந்து விளக்கை எரியவிட்டுப் படுத்தது எல்லாம் சொல்லி, கடைசியில் கச்சேரிக்கு வந்தாள். "என்ர மனிசன் திரும்பி என்னைப் பாத்து, உம்மட பேர் என்னெண்டு கேட்டார்..."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாங்கு தடாரென்று விழுந்த சத்தம் கேட்டது. எழும்பி நின்றது என் கணவர் அல்ல. பத்மாசனியின் கணவர் கனகலிங்கம்.

"எடியே! ஆரிட்டையடி சொன்னனீ?"

பத்மாசனி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். "அம்மாளாணை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை!"

சொல்லவில்லை என்றாளே தவிர, நடக்கவில்லை என்று சொல்லவில்லை. சனம் கொல்லென்று சிரித்தது. எல்லாரிலும் உரத்துச் சிரித்தவர் என் கணவர்தான். "அட கனகு, பெண்சாதியின்ர பேர் தெரியாமலே காணி எடுக்கப் போனனீ!" என்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கனகலிங்கம் கையை ஓங்கிக்கொண்டு பாய்ப் பக்கம் வந்தார். அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. எழும்பி நடுவில் போய் நின்றேன்.

"அவளை விடுங்கோ. எழுதினது நான்."

சிரிப்பு நின்றது. வானொலியில் ஏதோ பாட்டுப் போனது. நான் என் கணவரின் முகத்தையே பார்த்தேன். ஏசினாலும் சரி, வீட்டை விட்டுப் போ என்றாலும் சரி, கேட்கத் துணிந்து நின்றேன்.

அவர் ஓடிவந்து கனகலிங்கத்தின் தோளைப் பிடித்தார். "குறை நினையாதை கனகு. பொம்பிளையள் கிணத்தடியில கதைச்சதை இவள் எழுதிப்போட்டாள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த வீட்டான்ர மானத்தை இப்பிடிச் சந்தியில ஏத்தலாமே?" என்று கேட்டார்.

"அது கனகண்ணை இல்லை. நீங்கள்."

"நானோ?"

குரலில் கோபமே இல்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "கச்சேரியண்டு நல்ல வெயில். சோடா வாங்கிக் குடிச்சனாங்கள்... பேர் கேட்டனானோ? நான் அப்பிடிக் கேட்டனானோ?"

அவர் பொய் சொல்லவில்லை. ஆறு வருடமாக என்னை எரித்தது அவருக்கு நினைவிலேயே இல்லை. கனகலிங்கம் ஓங்கிய கையை இறக்கிவிட்டு, பத்மாசனியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைக் காண எனக்குப் பத்மாசனி மேல் பொறாமை வந்தது.