இயந்திரத்துக்கு முன் எடுத்த இரத்தம்

கார் கழிந்தும் முகில் கலையவில்லை. பகலவன் முகம் காட்டி ஒன்பது நாள்களாயின. மருத்துவமனை முற்றத்து மரங்கள் நனைந்த இலைகளைத் தாழ்த்தி, துயரச் செய்தி கேட்டவர்போல் வாய் திறவாது நின்றன.

முற்றத்தை நோக்கிய ஆய்வகத்தில், இரத்தம் பரிசோதிக்கும் தங்கை தன் அண்ணனின் முடிவுத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுநீரகங்கள் அவரைக் கைவிட்டு ஈராண்டாகிறது; வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இம்மாத அளவுகள் இறங்கியிருந்தால் இரண்டாகக் குறைத்துப் பார்க்கலாம் என்றிருந்தார் மருத்துவர்.

இரத்தத்தில் சேரும் கழிவுகளான யூரியா, கிரியாட்டினின், யூரிக் அமிலம் மூன்றும் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. அவள் நெஞ்சு குளிர்ந்தது, ஒரு கணம். பழுதுற்ற சிறுநீரகம் மூன்றையும் ஒருசேர இறக்காது; இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் இயந்திரம்தான் அப்படி இறக்கும். குழாயின் ஒட்டுத்தாளில் நேரம் பார்த்தாள்: பதினொன்றரை. ஏழரைக்கு இயந்திரத்தில் இணைந்தவர் விடுபடும் வேளை. மாதப் பரிசோதனைக்கோ இணைக்குமுன் எடுத்த இரத்தமே வேண்டும்.

அவள் டயாலிசிஸ் கூடத்துக்குப் போனபோது, இளைப்பாறி எழுந்த அண்ணனுக்கு அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த நர்ஸிடம் நயமாகப் பேசி, இரத்தத்தைக் கடைசியில் எடுக்கச் சொன்னதை அண்ணன் மறைக்கவில்லை.

“வெளுத்த துணியத்தானேம்மா நாலு பேருக்குக் காட்டுவோம்?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “உங்க அண்ணிக்கு ஒரு நாளாவது மிச்சமாகட்டும்னு பாத்தேன்.”

“டாக்டர் இதை நம்பி ஒரு நாளைக் குறைச்சா, பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்னுடும்ணே.”

அண்ணி நிமிரவில்லை. “நான் எப்பங்க அலுத்துக்கிட்டேன்?” என்று மட்டும் கேட்டாள்.

தங்கை அம்முடிவை நிறுத்திவைத்து, காரணத்தை மருத்துவருக்கு எழுதினாள். இரண்டு நாள் கழித்து, இயந்திரம் இணைக்குமுன், தானே ஊசி ஏற்றி இரத்தம் எடுத்துச் சென்றாள். அளவுகள் சென்ற மாதம் போலவே உயர்ந்து நின்றன. மூன்று நாள் மூன்று நாளாகவே நீடித்தது.

செய்தியைச் சொல்லக் கூடத்துக்குத் திரும்பியபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லாமலே அண்ணிக்குப் புரிந்தது. கணவரின் நெற்றியில் உள்ளங்கை வைத்து, உதடு மட்டும் அசைய, அவள் ஒரு பதிகத்தைத் தொடங்கினாள். தங்கை வாசலிலேயே கைகூப்பி, அது முடியுமட்டும் நின்றாள்.

அண்ணன் கண் திறந்து தங்கையைக் கண்டார்.

“நல்லா இரும்மா. உன் கை பட்ட ரத்தமெல்லாம் நல்லாகட்டும்.”