மதிலுக்கு அப்பால் ஒரு செம்பு நீர்

ஐப்பசி பிறந்து பன்னாள் கழிந்தும் துளி மழை காணாது, வெடித்த வாய் மூடாமல் கிடந்த பரளச்சிக் கரிசற்காட்டின்மீது, மேலைக் கதிரவன் தன் கடைசி வெம்மையையும் மிச்சமின்றிக் கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்த மாலைப்பொழுது அது. விதைத்த மல்லியும் கம்பும் முளைப்பதா வேண்டாவா என்று மண்ணுக்குள்ளேயே எண்ணிக் கிடக்க, உடைமர நிழலில் ஆடுகள் அசைபோட, அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பேருந்து தெருப்புழுதியை வாரி ஊர்முழுதும் இறைத்துவிட்டுப் போயிற்று. ஊரின் கீழ்ப்புறத்தே வேதக்கோயிலாரான கிறித்தவரின் கல்லறைத் தோட்டம். அதனைச் சூழ்ந்து ஆளுயரக் கல்மதில். அம்மதிலின் கிழக்குப் பக்கத்தே, தோட்டத்துக்கு வெளியே, தன்னந்தனியாய் ஒரு மண்மேடு. கையில் ஒரு செம்பு நீருடன் அம்மேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார் எழுபதை எட்டிய தாவீதுராஜ்.

படிப்போரே, இவரை எளியவர் என்று எண்ணிவிடாதீர்! ஒருகாலத்தில் அத்திருக்கூட்டத்தின் மூப்பராக நின்று நரகைப் பற்றி இவர் பேசத் தொடங்கினால், பாயில் அமர்ந்திருந்த பிள்ளைகள் தாய்மாரின் முந்தானைக்குள் புகுந்துகொள்ளும். அவியாத அனலையும், நாவை நனைக்க ஒரு துளி நீரும் கிட்டாத விடாயையும், நேரே போய்ப் பார்த்துத் திரும்பியவர்போல் விரித்துரைப்பார். கல்லறைகளை ஆடுகள் மிதிக்கின்றன என்று வீடுவீடாய் ஏறியிறங்கி அம்மதிலை எழுப்பியவரும் இவரே. திருமுழுக்குப் பெற்று வேதத்தில் சேராதார் எவரையும் அதனுள் புதைக்கலாகாது என்று கட்டளை வகுத்தவரும் இவரே.

இத்தனைக்கும், காதலித்துக் கைப்பிடித்த மனைவி சுந்தராம்பாள் தன் குலக்கடவுளைக் கடைசிவரை விட்டாளில்லை. "இந்த வெயில்ல முப்பது வருசமா மொளகாக் காட்டுல களையெடுத்தவள உங்க நரகம் புதுசா என்ன செஞ்சிரப் போகுது?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

அதற்கு முந்தைய ஆண்டு காய்ச்சலில் அவள் கிடந்த கடைசி நாளன்று, செம்பில் நீர் வைத்து, வேதக்கோயில் ஆயரையும் அழைத்துவந்து, கட்டிலோரம் மண்டியிட்டு அழுதார் தாவீதுராஜ். "சரின்னு ஒரு சொல்லுச் சொல்லிரு, சுந்தரம். அங்கயும் நாம ஒண்ணா இருக்க வேணாமா?"

"எங்க ஆத்தாளும் அப்பனும் வேற பக்கம்ல இருக்காக. நான் மட்டும் உங்களோட மேல போயி உக்காந்துக்கிட்டா அவுக தேட மாட்டாகளா?" என்றவள், "நாக்கு வறளுது, அதக் குடுங்க" என்று செம்பை வாங்கி, திருமுழுக்குக்கென வைத்திருந்த நீரை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கண்மூடினாள்.

தாம் வகுத்த கட்டளை தம் வாயிற்படியிலேயே வந்து நின்றது. அதை மீற அஞ்சி, அவளைத் தொலைவிடத்தே விடவும் மனம் ஒப்பாமல், மதிலை ஒட்டிய தம் புன்செய் ஓரத்திலேயே புதைத்தார். நரகிலே விடாய் உண்டு என்று ஊரறிய உரைத்த நா அவருடையது அல்லவா? அந்நாள்முதல் ஒவ்வொரு மாலையும் ஒரு செம்பு நீரை அம்மேட்டில் ஊற்றி வருவார். மூப்பருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரார் பேசினர். பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

அம்மாலையில் அங்கே அவருக்குமுன் வந்து நின்றாள் செல்லக்கிளி. சுந்தராம்பாளின் தங்கை, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். "இன்னும் எதுக்கு மச்சான் தண்ணி ஊத்துறீக? எங்கக்கா இந்நேரம் எந்த வீட்டுலயாவது பெறந்து தவழ்ந்துக்கிட்டு இருப்பா. பழசெல்லாம் மறந்துபோயி, நல்லா இருப்பா" என்றாள்.

ஆறுதலாகச் சொன்ன சொல்தான். ஆனால் அச்சொல் அவரை அடியோடு உலுக்கிற்று. மறந்துபோயிருப்பாளா? அந்தச் சிரிப்பையும், முப்பதாண்டு வாழ்வையும், தாவீதுராஜ் என்னும் பெயரையுமா? மறுபிறப்பு மெய்யாயின் அவளை இனி எங்குப் போய்த் தேடுவது? நரகே மெய்யாயின், அங்கேனும் அவள் அவளாகவே இருப்பாளே! நரகம் மெய்யாக இருக்கட்டும் என்று ஒரு நொடி நெஞ்சார வேண்டிக்கொண்டார். வேண்டிய மாத்திரத்திலே, அவளை நெருப்பில் வைத்துப் பார்க்கவோ துணிந்தோம் என்று பதறிக் குலுங்கி அழுதார். அவருக்கு வேண்டியது அவளை இன்னொருமுறை காண்பது ஒன்றே.

அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே ஆயர் கிறிஸ்டோபரிடம் சென்றார்.

"ஐயா, எனக்குக் கீழ்மதிலு ஓரமா எடம் வேணும். நம்ம ஆளுகளக் கெழக்க பாத்து எந்திரிக்கிற மாதிரித்தான படுக்க வைக்கிறோம்? கடைசி நாள்ல எக்காளம் ஊதி நான் எந்திரிக்கையில மொதல்ல அவ மூஞ்சியப் பாக்கணும்."

"எடத்துக்கு என்ன மூப்பரே, தாராளமாத் தாரேன். ஆனா நடுவுல மதிலு மறைக்குமே?"

"அந்த எடத்துல மட்டும் கல்ல எடுத்திருவோம்."

"சட்டம் போட்டதே நீங்கதான?"

"நாந்தான் ஐயா. போடும்போது அவ உசுரோட இருந்தா."

"அவுக அன்னைக்கு எந்திரிப்பாகளான்னு என்னால சொல்ல முடியாது, மூப்பரே" என்றார் ஆயர், தாழ்ந்த குரலில்.

"அது ஆண்டவர் பாடு. நான் கட்டுன மதிலு குறுக்க நிக்கக் கூடாது, அம்புட்டுத்தான்."

மறுநாள் விடியலில் கடப்பாரையுடன் மதிலருகே வந்த தாவீதுராஜ், தமக்கு முன்பே ஆயர் அங்கே வேட்டியை மடித்துக் கட்டி நிற்பதைக் கண்டார். இருவருமாய்க் கல்லைப் பெயர்த்து, ஓராள் அகலத்துக்கு வழி திறந்தனர். அவ்வாண்டுத் தைப் பனியில் தாவீதுராஜ் மறைந்தார். அவ்வழிக்கு நேரே, கிழக்கு நோக்கி அவரைக் கிடத்தினர்.

எக்காளம் என்று ஒலிக்குமோ, எவர் எழுவரோ, எவர் யாரை மறந்திருப்பரோ, நாம் அறியோம். அவ்வழியை இன்றுவரை எவரும் அடைக்கவில்லை. எந்த ஆடுகளுக்கு அஞ்சி மதில் எழுந்ததோ, அவை அதன்வழியே வந்துபோகின்றன. மாலைதோறும் செல்லக்கிளி ஒரு செம்பு நீருடன் வருகிறாள். பாதியை அக்காளுக்கு ஊற்றி, வழியைத் தாண்டி உள்ளே வந்து, மீதியை மச்சானுக்கு ஊற்றுகிறாள். அவர்கள்தான் எங்கேயோ பிறந்துவிட்டார்களே, பின் எதற்கு என்று கேட்போரிடம் அவள் சொல்வது இவ்வளவே: "இருந்தாலும், வெயிலு இந்த அடி அடிக்குதே."