தவிட்டுக்கு வாங்கிய அமெரிக்கன்

தவிட்டுக்குப் பிள்ளை வாங்குவது என்றால் என்னவென்று மதராஸ் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு விளக்க வேண்டிய நிலைமை எனக்கு வந்தது. விளக்கினேன். எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடிவிட்டார். "அப்படியானால் இந்தக் குழந்தையை நீங்கள் விற்றுவிட்டீர்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லக் கூச்சப்பட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியும். நர்சுக்குப் படித்தவள் நான். "ஆமாம், விற்றேன். ஒரு கை தவிட்டுக்கு விற்றேன். அதனால்தான் அவன் உயிரோடு உங்கள் முன்னால் உட்கார்ந்து, மேஜை மேலிருக்கும் கண்ணாடிக் குண்டை நக்கிக்கொண்டிருக்கிறான்" என்றேன்.

அதிகாரி சட்டென்று குண்டைத் தள்ளி வைத்தார். பிச்சைமணி அழ ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் எல்மர் அவனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

எங்கள் ஊர் போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணிக்குப் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் கட்ட அமெரிக்காவிலிருந்து வந்தவர் எல்மர். கட்டடம் முடிந்தது, அவர் போகவில்லை. என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். தவழ்வதற்கு முன்னாலேயே மலைக்காய்ச்சலில் போய்விட்டாள். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து ஊற்றின கை இது, என் பிள்ளைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஐம்பத்து மூன்றில் இவன் பிறந்தபோது எல்மர் ஆஸ்பத்திரிக்கு ஏதோ இயந்திரம் எடுக்கக் கொச்சிக்குப் போயிருந்தார். பிரசவம் பார்த்தது அடுத்த வீட்டுக் கருத்தம்மாக்கா. போடியில் ஏலக்காய் சேர்த்து வைக்கிற கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். கால் முன்னால் வந்த பிள்ளையை இழுத்துப் போட்டு, தொப்புள் கொடி அறுத்து, என் கையில் கொடுத்தவள் அவள்தான். மூன்றாம் நாள் நெல் புடைக்கிற சுளகோடு வந்து நின்றாள்.

"ஏத்தா, தங்காத வீட்டுப் பிள்ளைய நம்ம பிள்ளைன்னு வச்சிருந்தா எமன் மறுபடி வந்து கொண்டுபோயிருவான். எனக்கு வித்துரு. நாலு பெத்து நாலையும் வச்சிருக்கிறவ நான். என் பிள்ளைன்னா கிட்ட வர மாட்டான்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வழக்கம்தான் இது. பிள்ளையைச் சுளகில் போட்டேன். அவள் ஒரு கை தவிட்டை என் மடியில் போட்டுவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். திரும்பி வந்து, "என் பிள்ளைய வளத்துக் குடு" என்று என்னிடமே கொடுத்தாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்கு வைக்கிற வழக்கப்படி பிச்சைமணி என்று பெயரும் வைத்தாள். அதோடு விட்டிருந்தால் மதராஸ்வரை வந்திருக்காது. அவள் புருஷன் சுருளி பிறப்பைப் பதியக் கிராம முன்சீப்பு மொக்கச்சாமியிடம் போனார்.

முன்சீப்புக்கு எல்லாம் தெரியும். "ஏம்ப்பா, ஜெயபாக்கியத்துப் பிள்ளைதானே?" என்று கேட்டிருக்கிறார்.

"வாங்கியாச்சுங்க. இப்ப எங்க பிள்ளை."

"அப்ப உங்க பேர்லதான் எழுதணும். வீட்டுக்குள்ள ஒண்ணு, சர்க்கார் புஸ்தகத்துல ஒண்ணுன்னு இருந்தா எமனுக்குச் சந்தேகம் வந்துரும்" என்று சொல்லி, தகப்பன் சுருளி, தாய் கருத்தம்மா என்று எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்.

கேட்டபோது பச்சை உடம்போடு கிடந்த நான் சிரித்தேன். ஆனால் மாற்றச் சொல்லவில்லை. பாதிரியார் வீட்டுக்கே வந்து, "ஜெபத்தில் உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று கடிந்துகொண்டார். "முதல் பிள்ளைக்கு ஜெபம் மட்டும்தானே பண்ணினோம் ஐயா" என்றேன். அன்று சொன்னதுதான் இன்றும். அதே நிலைமை மறுபடி வந்தாலும் அப்படியே செய்வேன். ஒரு வருஷம் கழித்து ராபர்ட் பிச்சைமணி என்று அவனுக்கு ஞானஸ்நானமும் ஆனது. அதில் எல்மர் பெயரும் என் பெயரும் ஒழுங்காகவே இருந்தன.

மூன்று வயதுவரை ஒரு வில்லங்கமும் இல்லை. அப்போதுதான் அமெரிக்காவில் எல்மருடைய அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, விவசாயத்தைப் பார்க்க ஆளில்லை, உடனே வா என்று தகவல் வந்தது. அமெரிக்கக் குடிமகனுக்கு வெளிதேசத்தில் பிறந்த பிள்ளையும் அமெரிக்கக் குடிமகன்தான், தகுந்த அத்தாட்சி காட்டினால் போதும் என்று மதராஸிலிருந்து எழுதியிருந்தார்கள். எல்மர் அங்கே வளர்ந்ததற்குப் பள்ளிக்கூடச் சான்று, எங்கள் கல்யாணச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். எல்லாம் சரியாக இருந்தது. பிறப்புச் சான்றில் மட்டும் என் பிள்ளை வேறொருத்தர் பிள்ளையாக இருந்தான்.

அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். பொறுமையாகவே பேசினார். "ஞானஸ்நானச் சீட்டு பிந்தி எழுதியது, அதை வைத்துப் பிறப்புப் பதிவைத் தள்ள முடியாது. பதிவில் தாய் என்று இருக்கிற பெண் நேரில் வந்து, இது தன் பிள்ளை இல்லை என்று சத்தியம் செய்தால் பார்க்கலாம். இல்லாவிட்டால் உங்கள் இருவரோடு இவன் கப்பலேற வழியில்லை" என்றார்.

வெளியே எல்மருக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் காத்திருந்தார். சுருளி போன வருஷம் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சுலபமாப் போச்சே. காகிதப்படி தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் ஏழை விதவை. வளர்க்க முடியவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்தால் அனாதைக் கணக்கில் வந்துவிடும். நீங்கள் தத்தெடுத்துக்கொள்ளுங்கள். அனாதைகளுக்கு என்று தனி விசா இருக்கிறது" என்றார்.

ரயிலில் எல்மர் மெதுவாக, "ஜெயா, வெறும் காகிதம்தானே? அங்கே போய்விட்டால் அவன் நம்ம பையன்தான்" என்றார்.

"பெத்த தகப்பனும் தாயும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். என் பிள்ளை அனாதையா?" என்றேன். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "என் வயித்துல பிறந்தவன நான் தத்தெடுக்கணுமாக்கும். நாளைக்குப் பெரியவனாகி அந்தக் காகிதத்தைப் படிச்சிட்டு, யாரும்மா என் அப்பான்னு கேட்டா, நீங்க பதில் சொல்லுங்க. வெள்ளைக்காரனுக்குக் கறுத்த பிள்ளை எப்படி, எங்கேயோ எடுத்து வந்ததுதான்னு ஏற்கனவே உங்க ஊர்ல பேசிக்கிறாங்க. அவங்க வாய்க்கு நாமே அவல் குடுக்கணுமா?"

எல்மருக்கும் தெரியும், அவர் தங்கை எழுதின கடிதத்தில் அந்தச் சந்தேகம் இருந்தது.

ஊருக்கு வந்ததும் நேரே கிட்டங்கிக்குப் போனேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கருத்தம்மாக்காவைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னேன். மதராஸுக்கு வா என்றதற்கு உடனே தலையாட்டினாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"என் பிள்ளை இல்லைன்னா? அது என் வாயில வராதுத்தா. வாங்கினவ வாயால வேணாம்னுட்டா அப்புறம் அவனுக்கு யாரு காவல்?"

"பொய் சொல்லச் சொல்லலக்கா. நெசத்தைத்தான் சொல்லச் சொல்றேன்."

"அன்னைக்கு நீ கைய நீட்டி அவன என்கிட்டக் குடுத்தியே, அது பொய்யா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம்தான் வந்தது. "உன் மூடத்தனத்தால என் குடும்பம் ரெண்டாகப் போகுது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிச்சைமணி மட்டும் வழக்கம்போல இரண்டு வீட்டிலும் சாப்பிட்டான். பிறகு ஒருநாள் காலையில் ஒரு மஞ்சள் பையோடு அவளே வந்து நின்றாள்.

"எப்பப் போறோம்? சோலிய விட்டுட்டு வந்திருக்கேன். தொரைமாரு கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்றேன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் கேக்காதீக."

பஸ்சில் மதுரை, அங்கிருந்து ரயில். கருத்தம்மாக்கா தேனி தாண்டினதே இல்லை. அந்த அலுவலகத்து நாற்காலியில் உட்கார மறுத்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றே பேசினாள். மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தார். பெற்றது யார் என்று அதிகாரி கேட்டார்.

"இவதான். நான்தான் பாத்தேன். காலு முந்தி வந்துச்சு. இவ ரத்தப்போக்குல மயங்கிட்டா. ஆடி மழை. எங்க தெரு ராக்குகிட்டத்தான் வெந்நீ போடச் சொன்னேன், வேணும்னா அவளையும் கூப்பிட்டுக் கேளுங்க. பிள்ளைக்கு இடது தொடையில மச்சம் இருக்கு, பாத்துக்கங்க."

அதிகாரி விடாமல் எழுதினார். தட்டச்சு செய்யப்பட்டு வந்தது. பெற்றவள் ஜெயபாக்கியம், தகப்பன் எல்மர், பதிவு எழுதினது வழக்கத்தை முன்னிட்டு. எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி இருந்தது. நான் இக்குழந்தையின் தாய் அல்ல, இவனுக்கும் எனக்கும் எவ்வித உறவும் கிடையாது. மொழிபெயர்ப்பாளர் அதை வாசித்ததும் அவள் மைப்பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"நான் அப்படிச் சொல்லலையே. பெத்தது இவ. வாங்கினது நான். ரெண்டும் நெசம்."

"அம்மா, அந்த வரிக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க. கைநாட்டு வச்சிருங்க, எல்லாம் முடிஞ்சிரும்" என்றார் மொழிபெயர்ப்பாளர், தணிந்த குரலில்.

கருத்தம்மாக்கா என்னைப் பார்த்தாள். நான் வை என்று சொன்னால் வைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்காக வைத்துவிட்டு ஊருக்குப் போய், கடலுக்கு அந்தப் பக்கம் இவனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் தன்னால்தான் என்று செத்துச் செத்துப் பிழைப்பாள். எல்மர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைதான். சொல்லியிருந்தால் கப்பல். என் பிள்ளையை அனாதை என்று எழுத மாட்டேன் என்று ரயிலில் சண்டை போட்டவள், அவனுக்கு இருக்கிற ஒருத்தியை இல்லை என்று எழுதச் சொன்னால் எனக்கும் அந்த வக்கீலுக்கும் என்ன வித்தியாசம்?

"அந்த வரியை அடியுங்கள்" என்றேன்.

"இது இல்லாமல் மேலே அனுப்பினால் திரும்பி வரலாம், அம்மா" என்றார் அதிகாரி.

"வரட்டும். மறுபடி வருவோம். நீங்கள் கேட்டது இவனைப் பெற்றது யார் என்று. அதைச் சொல்லிவிட்டாள். யாருக்கு இவன் மேல் உறவு இருக்கிறது, இல்லை என்று எழுத உங்கள் சட்டத்துக்கு என்ன வேலை? அந்த வரி இருந்தால் அவளும் கைநாட்டு வைக்க மாட்டாள், நானும் கையெழுத்துப் போட மாட்டேன்."

எல்மர் எழுந்தார். நான் பயந்துதான் போனேன். அவர் அதிகாரியின் பக்கம் திரும்பி, "என் மனைவி சொன்னதுதான் என் பேச்சும். அடியுங்கள். இல்லையென்றால் என் டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டு ஊருக்குப் போகிறேன்" என்றார். இவரைக் கட்டிக்கொண்டது வீண்போகவில்லை என்று அன்றைக்குத்தான் முழுசாக நினைத்தேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கருத்தம்மாக்காவிடம் மொழிபெயர்ப்பாளர் மூலமாகக் கேட்டார். "இந்தக் காகிதம் செல்லுபடியானால் பிள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்விடுவார்கள். திரும்பவும் நீங்கள் இவனைப் பார்க்காமலே போகலாம். தெரியுமா?"

"தெரியாமயா வந்தேன்? எங்க இருந்தா என்ன, உசிரோட இருந்தாப் போதும். அதுக்குத்தான வாங்குனேன்" என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் இதை இங்கிலீஷில் சொல்லத் தடுமாறினார். நானே சொன்னேன். அதிகாரி பேனாவை எடுத்துக் கடைசி வரியைக் குறுக்கே அடித்து, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே கீழே எழுதச் சொன்னார். கருத்தம்மாக்கா அழுத்திக் கைநாட்டு வைத்தாள்.

மேலிடத்திலிருந்து பதில் வரத் தை மாதம் ஆகிவிட்டது. எல்மர் கப்பலைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வந்துவிட்டது. தகப்பன் எல்மர், தாய் ஜெயபாக்கியம், பிறப்பால் அமெரிக்கக் குடிமகன். பின்னாலேயே பிச்சைமணிக்குப் பாஸ்போர்ட்டும் வந்தது. அதை விரித்து வைத்து எல்மர் எனக்கு ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். ஒரு பக்கத்தில், இவருக்கு ஏதும் நேர்ந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அச்சடித்து, நாமே எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்தார்கள். "என் தங்கை பேரை எழுதலாமா, உன் பேரையா?" என்று கேட்டார்.

பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினேன். கருத்தம்மா, தாய், குரங்கணிப் பாதை, போடிநாயக்கனூர் என்று இங்கிலீஷில் எழுதினேன்.

"ஜெயா, தாய் நீயல்லவா?"

"என் பேரை உங்க சர்க்கார் எழுதியாச்சு. அவ பேரை நான் எழுதுறேன்."

எல்மர் எழுந்து போய் மை ஒற்றுகிற தாளை எடுத்து வந்து கொடுத்தார்.