முன்கண்ணாடியில் முருகன்

இறுதிப் பந்தயத்துக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. எங்கள் லொறியின் எஞ்சின் மறுபடியும் கொதித்துப்போய் நின்றுவிட்டது.

லொறி என்றால் முழங்கை நீளம்தான், ரிமோட்டில் ஓட்டுவது. ஆனால் உள்ளே இருப்பது நைட்ரோ எண்ணெயில் ஓடுகிற நிஜ எஞ்சின். கண்டி டவுனில் நான் வேலை செய்யும் கடையின் பெயரில் அதைக் குண்டசாலைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்திருந்தோம். மூன்று வருடமாக அந்தக் கடையில் பொம்மை விற்கிறேன். இறுதிப் பந்தயத்தை லொறி நிற்காமல் ஓடி முடித்தால் ரிப்பேர் மேசை எனக்கு என்று முதலாளி ஹென்றி சேர் சொல்லியிருந்தார். நின்றால் கொழும்பிலிருந்து யாரோ ஒருவன் வந்து அதில் உட்காருவான். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூடு பார்க்கும் கருவியை எஞ்சின் தலையில் காட்டினேன். நூற்று நாற்பத்தாறு டிகிரி. நூற்றிருபதைத் தாண்டினாலே ஆபத்து. எண்ணெய் போதாமல் ஓடினால் இப்படிக் கொதிக்கும் என்று காபரேட்டர் திருகாணியைக் கால் சுற்றுத் திறந்தேன். லொறி வடிவப் பிளாஸ்டிக் மேல்மூடியை மாட்டி ஓட்டினேன். புகை மண்டியது, சூடு இறங்கவில்லை. இன்னும் கால் சுற்று. அப்போதும் அப்படியே. வடிகட்டியைக் கழுவினேன், குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

எங்கள் ஊர் கலஹாவிலிருந்து என்னோடு வந்த அம்மா குடையைப் பிடித்தபடி நின்றாள்.

"பஸ்ஸுக்கெல்லாம் தண்ணி ஊத்துவாங்களே. ஊத்திப் பாக்கலாமாடி?"

"சும்மா இருங்கம்மா."

இன்னும் பத்து நிமிடம். எதுவும் தோன்றாமல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் லொறியை ஓட்டினேன். நூற்றெட்டு. மூடியை மாட்டி ஓட்டினேன். விறுவிறுவென்று ஏறியது. அப்படியானால் கோளாறு எஞ்சினில் இல்லை.

மூடியைத் திருப்பினேன். எஞ்சினுக்குக் காற்று போக முன்கண்ணாடி இருக்கும் இடத்தை நானே வெட்டித் திறந்து வைத்திருந்தேன். அந்த இடத்தில் வேலும் மயிலுமாக முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிவர டேப்.

"நேத்து நான்தான் ஒட்டுனேன். ஓட்டையா கெடந்துச்சு," என்றாள் அம்மா. "லொறின்னா முன்னால சாமி படம் இல்லாமலா?"

படத்தைப் பிடித்து இழுத்தேன். இரண்டாகக் கிழிந்தது.

"ஒங்களை யாரு இதுல கை வைக்கச் சொன்னா? ஒண்ணும் தெரியாதுன்னா பேசாம வீட்டுல இருக்க வேண்டியதுதானே."

சுற்றியிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அம்மா குனிந்து துண்டுகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காலையில் அந்தப் படத்தைப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று சொன்னது நான். அது அப்போதே எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். திருகாணியைப் பழையபடி வைத்துவிட்டு ஓடினேன்.

பதினைந்து நிமிடப் பந்தயம். ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு லொறி கவிழ்ந்தது, ஒன்று புகைந்து நின்றது. எங்களுடையது நான்காவதாக வந்தது, நிற்காமல் வந்தது. கருவியில் நூற்றுப் பன்னிரண்டு.

ஹென்றி சேர் வந்தார். "என்ன பிழை இருந்தது? எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முன்னால் வந்தாள்.

"நான் செஞ்ச வேலைங்க ஐயா. காத்துப் போற வழிய அடைச்சு வச்சிட்டேன். இவ பாத்தவொடனே கண்டுபிடிச்சிட்டா."

"பாத்தவுடனேயா?" சேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "அப்ப திங்கட்கிழமையில இருந்து மேசைக்கு வாங்க."

பார்த்தவுடன் இல்லை. அந்தப் படம் காலையிலிருந்து என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அதைச் சொல்லப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். இருபது பேர் கேட்க அவளைத் திட்டிய நான், நன்றி சேர் என்று மட்டும் சொன்னேன்.