அம்மா பேரில் நூறு முள்செடி

பெத்த அம்மா பேரையே வேரோட பிடுங்கிப் போட்டவள்னு மாம்பலத்துல எங்க சொந்தக்காரங்க என்னைப் பத்திச் சொல்லிட்டுத் திரியுறாங்க. சொல்லட்டும். பிடுங்கினது உண்மை. பட்டப்பகல்ல, ஒரு ஞாயித்துக்கிழமை, இந்த ரெண்டு கையாலதான் பிடுங்கினேன். ஏன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? கேக்கலை. அதனால நானே சொல்றேன்.

எங்க அப்பா அய்யாதுரைக்கு ரங்கநாதன் தெருவுல ஜவுளிக்கடை. போர்டுல 'அய்யாதுரை அண்ட் சன்ஸ்'னு எழுதியிருக்கும். சன்ஸாம். இருக்கிறது ஒரே ஒரு சன், எங்க அண்ணன் கருணாகரன். அவன் டிபன் முடிச்சு, தலை சீவி, பவுடர் போட்டுக் கடைக்கு வர்றதுக்குள்ள முதல் வியாபாரம் முடிஞ்சிருக்கும். கடையைத் திறக்கிறது, சேலைப் பக்கம் நின்னு மடிச்சதைப் பிரிச்சுப் பிரிச்சதை மடிக்கிறது எல்லாம் நான். பேரு பங்கஜம். போர்டுல எனக்கு இடம் இல்லை.

அம்மா தங்கபுஷ்பம் எழுபத்திரெண்டாம் வருஷம் மஞ்சக் காமாலையில போயிட்டாங்க. அப்பா அழலை. அழத் தெரியாத மனுஷன். அதுக்குப் பதிலா உபயம் பண்ண ஆரம்பிச்சாரு. கோயில்ல ட்யூப் லைட் போட்டாரு, வெளிச்சமே வெளிய வராத அளவுக்கு அதுமேல 'தங்கபுஷ்பம் அம்மாள் நினைவாக'ன்னு எழுதி. அது ஃபியூஸ் ஆச்சு. மாம்பலம் ஸ்டேஷன் வாசல்ல தண்ணி டிரம் வச்சாரு. டிரம்மை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான், டம்ளர் மட்டும் சங்கிலியில தொங்கிட்டு இருந்துச்சு. பார்க்குல சிமெண்ட் பெஞ்சு போட்டாரு. ஒரு மழைக்கு அது சாஞ்சு, அம்மா பேரு இருந்த பக்கம் மண்ணுக்குள்ள போயிடுச்சு. ஒவ்வொண்ணும் போன சேதி வரும்போது அப்பா சோத்தைப் பாதியில வச்சிட்டு எழுந்திருவாரு. எனக்குச் சிரிப்பு வரும், சிரிக்க மனசு வராது.

முதல் வருஷ நினைவு நாளுக்கு அடையாறு பக்கம் இருக்கிற மான் காட்டுல நூறு செடி நடுறதுன்னு முடிவாச்சு. காட்டுக்கு நடுவுல ஒரு வெட்டவெளி இருக்கு. வெறும் புல்லு. திருகு கொம்பு வச்ச வெளிமானுங்க அங்கதான் மேயும், அங்கதான் ஓடும். 'சும்மா கிடக்கிற இடம், மரம் வந்தா நல்லதுதானே'ன்னு எல்லாரும் தலையாட்டினாங்க. போன வருஷம் எங்க தெரு நகைக்கடை ரகுபதி அதே இடத்துல வேப்பங்கன்னு வச்சிருந்தாரு. அத்தனையும் காய்ஞ்சு போச்சு. வெறும் குச்சியில அவரு பேரு போட்ட தகரம் ஆடிட்டு இருந்ததைப் பாத்துத் தெருவே சிரிச்சுது. அப்பா மட்டும் சிரிக்கலை.

நினைவு நாள் அன்னைக்கு ஷாமியானா, மைக் செட்டு, ஆளுக்கு ஒரு லட்டுப் பொட்டலம். ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடி, கம்பி கோத்த ஒரு தகரம். தகரத்துல 'தங்கபுஷ்பம் அம்மாள் நினைவாக, உபயம் அய்யாதுரை அண்ட் சன்ஸ்'. என் கையிலயும் ஒரு செடியைக் குடுத்தாங்க. வாங்கினதும் சுருக்குன்னு குத்துச்சு. பாத்தேன். பொடிப்பொடியா இலை, கணுவுக்குக் கணு ரெண்டு ரெண்டா முள்ளு. சீமைக் கருவேலம்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. அம்மா பிறந்தது விளாத்திகுளம் பக்கம். எங்க தாத்தாவுக்கு ஒரு மந்தை ஆடு. வேலிக்கு ஆகும், விறகுக்கு ஆகும்னு வெளியூர்லேருந்து இந்த விதையைக் கொண்டாந்து தூவினாங்க. ஆடு அதோட காய்ஞ்ச நெத்தைத் தின்னுச்சு, போற இடமெல்லாம் புழுக்கையோட விதையைப் போட்டுச்சு. கொஞ்ச வருஷத்துல புல்லு போச்சு. ஆடு உள்ள நுழைய வழி இல்லை. தாத்தா மந்தையை வித்துட்டு வீட்டுக்குள்ள உக்காந்தவருதான். அவரைப் பாக்கப் போனப்பதான் அம்மா குதிகால்ல முள்ளு ஏறிச்சு. கீறி எடுத்தாங்க, முழுசா வரலை. சாகுற வரைக்கும் அம்மா அந்தக் குதிகாலைத் தரையில ஊனினதே கிடையாது. கெந்திக் கெந்தித்தான் நடப்பாங்க. 'நாசமாப் போற மரம்'னு அவங்க வாய் நிறைய சபிச்சது அது ஒண்ணைத்தான். அந்த மரத்துல போயி அவங்க பேரா?

அப்பாகிட்ட போனேன். "அப்பா, இது என்ன செடின்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"சத்தம் போடாதளா, மைக் இருக்கு." அப்புறம் என் முகத்தைப் பாக்காமலே சொன்னாரு: "இந்த இலையை மான் தொடாது. தண்ணி ஊத்த வேண்டாம். வெட்டிப் போட்டாலும் துளுத்துரும். உங்க அம்மா பேருல நான் வைக்கிற எதுவும் நிக்க மாட்டுக்கு. இதாவது சாவாம நிக்கட்டும்."

அவரைப் பாக்கப் பாவமா இருந்துச்சு எனக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோபமும் போகலை. "இது நின்னா இங்க வேற எதுவும் நிக்காதே அப்பா"ன்னேன். அவரு மைக் பக்கம் திரும்பிட்டாரு. என் கையில இருந்த செடியை அப்பிடியே தரையில வச்சிட்டு வந்துட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டுல அந்தப் பேச்சை எடுக்க அப்பா விடலை. எடுத்தா, "உங்க அம்மா விஷயத்துல வாயைத் திறக்காத"ம்பாரு. அண்ணன் அதுக்கு மேல. "உனக்கு எதுக்கு இந்த வேலை? மானுக்கு நீ சம்பந்தியா?"ன்னு கேட்டான். அம்மாவுக்கு மகள்னு சொன்னேன். அவன் சீப்பை எடுத்துட்டுப் போயிட்டான்.

ஞாயித்துக்கிழமை கடை லீவு. ராத்திரி நல்ல மழை பேஞ்சு மண்ணு இளகியிருந்துச்சு. துணி மூட்டை வர்ற கோணிச் சாக்கு ரெண்டை எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். காட்டு வாச்சர் முனியன், நடுறப்ப குழி வெட்டினவரு, என்னைப் பாத்ததும் சந்தோஷமா வந்தாரு.

"இன்னாமா, தண்ணி ஊத்த வந்தியா?"

"பிடுங்க வந்தேன்."

"வோணாம்மா, பாவம். ரெண்டு மூணு வருசம் போனா எங்க ஊட்டுக்கு வெறகுக்குக் கவலையே இல்ல."

"மரம் அடைச்சுக்கிட்டா இந்த மானுங்க எங்க போகும்?"

"அதுங்க எங்கினா போவும்."

"எங்க?"

முனியன் சுத்திப் பாத்தாரு. ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் புதுசு புதுசா எழும்புற வீடுங்க. "எங்கயும் போவாதுதான்"னாரு. உடனே பயம் வந்துடுச்சு. "ஆனா எம் வேலைக்கு வேட்டு வச்சிடாதம்மா. பெர்மிசன் கீதா?"

"இல்லை. உங்களுக்குப் பழி வேண்டாம். போயி எங்க அப்பாகிட்ட என் பேரைச் சொல்லிடுங்க."

சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் கையில சாக்கைச் சுத்திக்கிட்டு ஆரம்பிச்சேன். நட்டு ஒரு வாரம்தான் ஆகுது, அதுக்குள்ள என்ன பிடி பிடிச்சிருக்கு. சாக்கையும் தாண்டிக் குத்துச்சு. ரத்தத்தைப் பாவாடையில துடைச்சுக்கிட்டு அடுத்ததுக்குப் போனேன். செடியை வீசினேனே தவிர, ஒரு தகரத்தைக்கூட வீசலை. ஒவ்வொண்ணையும் முந்தானையால துடைச்சு அடுக்கி வச்சேன். அம்மா பேரு அது.

பாதிக்கு மேல முடிஞ்சப்ப அப்பா டாக்ஸியில வந்து இறங்கினாரு. பின்னாலயே முனியன். சலவைச் சட்டையோட சேத்துல நடந்து வந்து, அடுக்கின தகரத்தையும் கிடந்த செடியையும் பாத்தாரு.

"என்னளா பண்ணுத?"

"பாத்தா தெரியலையா?"

"செத்தவளை மறுபடியும் சாவடிக்கியே."

"அம்மா காலு ஞாபகம் இருக்கா அப்பா?"

"யாருகிட்ட கேக்க? கீறும்போது அந்தக் காலை மடியில வச்சுப் பிடிச்சிட்டு இருந்தவன் நான்." அவரு குரல் உடைஞ்சு போச்சு. "ஒரு துண்டு முள்ளு, கடைசி வரைக்கும் அவளை விட்டுப் போகலையே. நான் வச்சதுல எதாவது அப்பிடி நிக்காதான்னுதாம்ளா இதை வச்சேன்."

அப்பா அழுததை அன்னைக்குத்தான் பாத்தேன். எனக்கும் அழுகை வந்துச்சு, அதுக்காகக் கையில இருந்ததை விடலை. அதைப் பிடுங்கி வீசிட்டு, அதோட தகரத்தை எடுத்து, கம்பியை வளைச்சு என் கழுத்துல மாட்டிக்கிட்டேன்.

"சாவாம நிக்கிறதுக்கு ஒண்ணு வேணும்னா, அம்மா உங்களுக்குக் குடுத்துட்டுத்தானே போயிருக்காங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்? என்மேல மாட்டுங்க அம்மா பேரை. மான் திங்காது. தண்ணி ஊத்த வேண்டாம். வெட்டினாலும் துளுப்பேன். அடுத்தவங்க இடத்தையும் பிடுங்க மாட்டேன்."

அப்பா கையைத் தூக்கினாரு. "ஐயா, வோணாங்க"ன்னு முனியன் குறுக்க வந்தாரு. நான் நகரலை. அடிச்சா அடிக்கட்டும்னு நின்னேன்.

அந்தக் கை என் கழுத்துக் கம்பிகிட்ட வந்துச்சு. "கோணலாத் தொங்குது"ன்னு சொல்லித் தகரத்தை நேராக்கினாரு. 'அண்ட் சன்ஸ்'ங்கிற எழுத்து மேல அவரு கட்டை விரல் கொஞ்ச நேரம் நின்னுச்சு. பெயிண்டை ரெண்டு தடவை சுரண்டிப் பாத்தாரு, போகலை. டாக்ஸி பக்கம் நடந்தாரு.

நான் மிச்சத்தைப் பிடுங்கினேன். அவரு கதவைப் பிடிச்சபடி அங்கயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. எல்லாம் முடிஞ்சதுன்னு நான் இடுப்பை நிமித்தினப்ப அங்கேருந்து சத்தம் குடுத்தாரு.

"அந்த ஓரத்துல ஒண்ணை விட்டுட்ட பாரு."

போயிப் பிடுங்கினேன்.