மான்சூன் மெயிலின் கடைசி நானூறு மீட்டர்

வெங்கடநாராயணனுக்குத் தன் கல்யாண நாள் வருஷா வருஷம் மறந்துபோகும். அதற்கு அவர் மனைவி நாகலட்சுமி நாற்பத்தோரு வருஷத்துச் சாட்சி. ஆனால் எந்தப் பெட்டைக் குதிரை எந்த வருஷம் எவ்வளவு தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்று கேட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் தசமப் புள்ளியோடு சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவார்.

"பெத்த பிள்ளை எத்தனாம் கிளாஸ்னு தெரியாம வேற கிளாஸ் வாசல்ல போய் நின்ன மனுஷர்," என்பாள் நாகலட்சுமி, லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு யார் வந்தாலும். "அந்த நாலுகால் சக்களத்திகளோட ஜாதகம் மட்டும் தலைகீழ்ப் பாடம்."

குற்றச்சாட்டில் பொய் இல்லை. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெறும்வரை, முப்பது வருஷம், விடிகாலையில் ரேஸ்கோர்ஸ் வேலியோரம் நின்றுவிட்டுத்தான் ஆபீசுக்குப் போனார். குதிரைகளின் காலைப் பயிற்சி ஓட்டத்தை ஸ்டாப்வாட்சில் அளந்து ஒரு ரேஸ் புத்தகத்துக்கு எழுதிக் கொடுப்பார். புத்தகத்தில் பெயர் வராது. ஓய்வுக்குப் பிறகும் முழங்கால் மறுக்கும்வரை போனார். பந்தயம் மட்டும் கட்டியதில்லை. தைரியம் இல்லாததைக் கொள்கை என்று சொல்லிக்கொண்டார். மார்கழிப் பனியில் ஓடும் குதிரை கண்ணுக்கே தெரியாது. குளம்புச் சத்தத்தை வைத்தே அவர் கட்டைவிரல் பொத்தானை அழுத்தும். தன் உடம்பில் புத்தியுள்ள ஒரே உறுப்பு அந்தக் கட்டைவிரல்தான் என்பது அவருடைய சொந்த மதிப்பீடு.

ஜனவரியில் ஒரு மத்தியானம் நாகலட்சுமிக்கு வெயிலில் நடக்க வேண்டும்போல் இருந்தது. இருவரும் விக்டோரியா நினைவு மண்டபம் பக்கம் போனார்கள். வாசலுக்கு எதிரே சாரட் வண்டிகள் வரிசையாக நின்றன. வெள்ளித் தகடு, பிளாஸ்டிக் ரோஜா, தலையில் இறகுக் கொத்து. அலங்காரத்துக்குக் கீழே விலா எலும்பு தெரியும் குதிரைகள்.

மூன்றாவது வண்டியில் பூட்டியிருந்த செம்பழுப்புக் குதிரைக்கு நெற்றியில் இரட்டைச் சுழி. பின்னங்காலில் வலது மட்டும் கணுக்கால்வரை வெள்ளை, ஒற்றை சாக்ஸ் போட்ட மாதிரி. இதெல்லாம் எத்தனையோ குதிரைக்கு இருக்கும் என்று வெங்கடநாராயணன் நகரப் பார்த்தார். அன்று ரேஸ் நாள். மரங்களுக்கு அப்பால் ரேஸ்கோர்ஸிலிருந்து ஒலிபெருக்கி அடுத்த ஓட்டத்தை அறிவித்தது. குதிரை காதை நிமிர்த்தி, இடது முன்னங்காலைத் தூக்கி, தார்ச் சாலையை இரண்டு தட்டுத் தட்டியது.

"மான்சூன் மெயில்," என்றார்.

"மழையா? வெயில்னா அடிக்கறது?" என்றாள் நாகலட்சுமி. திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

மான்சூன் மெயில் பதினோரு வருஷத்துக்கு முன், மழைக்கால ரேஸில் ஓடிய மூன்றரை வயதுப் பெட்டை. ஓட்டத்துக்கு முன் இடது முன்னங்காலால் தரையை இரண்டு தட்டுவாள். ஆயிரத்து இருநூறு மீட்டரை அவர் வாட்சில் அப்படி ஓடியவள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு தசைநார் வீங்கிற்று, கை மாறினாள், காணாமல் போனாள். குட்டி ஈன்று எங்கோ புல்வெளியில் நிற்கிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். புல்வெளி நிஜந்தான், சாலைக்கு அந்தப் பக்கம் மைதானம் முழுக்கப் புல். இவளோ தாரில் நின்றாள்.

வண்டிக்காரன் நசீம் முதலில் சிரித்தான். "இது ராணி, பாபு. இங்கே எல்லாக் குதிரையும் ராணிதான்."

வெங்கடநாராயணனின் இந்தி துறைமுகத்தில் கற்றது. சரக்குக் கப்பல் மாதிரி மெதுவாகத் திரும்பும். அந்த இந்தியில் அவர் சுழியிலிருந்து குளம்புவரை அடையாளம் சொல்லி, தோற்கடித்த குதிரைகளின் பட்டியலைச் சொல்லி முடித்தபோது நசீம் பீடியைக் கீழே போட்டுவிட்டான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரசத்தோடு நிறுத்திக்கொண்டார். நாகலட்சுமி மோர்ப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தாள்.

"நியூ டவுன்ல நம்ம சதீஷ் இருக்கானே, அவன் சிநேகிதாள் சில பேர் ராஜர்ஹாட் தாண்டி ஒரு இடம் வெச்சிருக்கா. கிழட்டு மாடு, கழுதையெல்லாம் கொண்டுவந்து வெச்சுப் பாத்துக்கறா. கேக்கட்டுமா?"

"குதிரை எடுத்துப்பாளா?"

"கழுதைக்கு இடம் இருந்தா குதிரைக்கு இருக்காதா? சக்களத்திக்குக் குடியிருக்க ஆம் பாக்கறது என் தலையெழுத்து."

சதீஷ் அவளுடைய தங்கை பிள்ளை. பெரியம்மா கேட்டால் யானைக்குக்கூட இடம் பிடிப்பான். இரண்டே நாளில் சம்மதம் வந்தது. நசீமும் தலையாட்டினான்: "சீசன் முடியட்டும் பாபு. பிப்ரவரி கடைசியில கூட்டிட்டுப் போங்க. அதுக்குள்ள எங்க அண்ணன் எனக்கு வேற குதிரை பார்த்துடுவான். இதுக்கும் வயசாச்சு, எனக்குத் தெரியாதா?"

ஐந்து வாரம் அவள் பத்திரமாக இருந்தால் போதும். அந்த ஐந்து வாரமும் வெங்கடநாராயணன் தினமும் காலையில் போனார். பையில் காரட், பாயசத்துக்கு நாகலட்சுமி வாங்கி வைத்த நோலேன் குர் வெல்லத்திலிருந்து ஒரு கட்டி. அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் வீட்டில் நாற்பத்தோரு வருஷமாகக் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. சவாரி வருமுன் வண்டிக்காரர்கள் டீக் கோப்பையோடு அவரைச் சுற்றி உட்கார்ந்து, "டைம் பாபு, சொல்லுங்க," என்றார்கள்.

சொன்னார். உலகத்திலேயே அதிவேகமாக ஓடியதாகப் பதிவான ரேஸ் குதிரை ஒரு பெட்டை, வின்னிங் ப்ரூ, இரண்டே வயதில் மணிக்கு எழுபது கிலோமீட்டர் என்றார். ஆஸ்திரேலியாவில் பிளாக் கேவியர் இருபத்தைந்து ஓடி இருபத்தைந்தும் ஜெயித்ததை, விங்க்ஸ் தொடர்ச்சியாக முப்பத்து மூன்று ஜெயித்ததைச் சொன்னார். எல்லாவற்றிலும் எடுபட்டது அமெரிக்காவின் ரஃபியன் கதை. பத்து ஓட்டம், பத்தும் வெற்றி, ஒன்றில்கூட ஒரு குதிரையும் அவளை முந்திப் போகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் அந்த வருஷ டெர்பி பெரும்பந்தயத்தை ஜெயித்த ஆண் குதிரையோடு அவளைத் தனியாக, ஒன்றுக்கு ஒன்று ஓடவிட்டார்கள்.

"அப்புறம்?" என்பார்கள்.

"அப்புறமென்ன? அதிலும் அவள்தான் முன்னால்!" என்று கையை ஓங்கித் தட்டி முடிப்பார். ஆரவாரம் எழும். யாராவது இன்னொரு டீ வாங்கித் தருவார்கள்.

அது பாதிக் கதை. முன்னால் போய்க்கொண்டிருந்த ரஃபியனின் முன்னங்கால் நடுவழியில் முறிந்தது. அறுவை முடிந்து மயக்கம் தெளிந்தபோது, படுத்தபடியே அவள் ஓட ஆரம்பித்தாள். உதறிய உதறலில் கட்டெல்லாம் சிதறி, கடைசியில் மருந்து போட்டு முடிக்க வேண்டியதாயிற்று. இது வெங்கடநாராயணனுக்கு வரிக்கு வரி தெரியும். முதல் நாள் சொல்லத்தான் வாயெடுத்தார். சுற்றிலும் முகங்கள் மலர்ந்திருந்தன. டீ சூடாக இருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டார். மறுநாளும்.

பிப்ரவரி மூன்றாவது வாரம் சுலைமான் என்ற வண்டிக்காரன், ஐந்து வயதுக் குதிரை வைத்திருப்பவன், நசீமைச் சீண்டினான். "டெர்பி குதிரையையே ஜெயிச்சாளாமே அந்த அமெரிக்காக்காரி. உன் மகாராணி என் தூஃபானை ஜெயிப்பாளா? இல்ல, ராஜர்ஹாட்டுக்குப் போய்க் கழுதையோடதான் ஓடுவாளா?"

நசீம் நேராக டைம் பாபுவிடம் வந்தான். "ஞாயித்துக்கிழமை விடியக்காலை, மைதானத்துப் புல்லுல. வண்டி கிடையாது. வெறும் முதுகுல நானே ஏறுறேன். ஒரே ஒரு தடவை பாபு. அவ போறதுக்கு முன்னாடி இவங்க பார்க்கட்டும். நீங்கதான் டைம் எடுக்கணும்."

பதினைந்து வயதுக் குதிரை. ஆறாத தசைநார். இன்னும் எட்டு நாளில் ராஜர்ஹாட். "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம். முப்பது வருஷம் வேலியோரம் நின்ற மனிதனின் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"எத்தனை மீட்டர்?"

ஞாயிற்றுக்கிழமை நாகலட்சுமியிடம் பால் வாங்கப் போவதாகச் சொன்னார். வீட்டில் இரண்டு பாக்கெட் இருந்தது. மைதானத்தில் பனி கனமாகப் படுத்திருந்தது. நானூறு மீட்டரை அவரே காலால் அளந்து, ஒரு சிவப்புத் துண்டை மரத்தில் கட்டிவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டார். தனக்கு என்னமோ இருபத்தெட்டு வயது என்று நினைப்பு.

தொலைவில் யாரோ கத்தினார்கள். முதலில் சத்தம்தான் வந்தது. இரண்டு ஜதைக் குளம்புகள் கலந்து வந்து, பிறகு ஒன்று தனியாகப் பிரிந்தது. அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். பனியைக் கிழித்துக்கொண்டு அவள் வந்தாள், கழுத்தை நீட்டி, காதைப் பின்னால் படியவிட்டு. பதினோரு வருஷம் அவள் உடம்பை விட்டு எங்கோ போயிருந்தது. தூஃபான் எட்டுக் குதிரை நீளம் பின்னால் வந்தான். துண்டைக் கடந்தாள். கட்டைவிரல் அழுத்திற்று. வெங்கடநாராயணன் குதித்தார், நிஜமாகவே இரண்டு காலும் தரையை விட்டு.

வேகத்தைக் குறைக்கும்போதுதான் அது நடந்தது. உலர்ந்த மூங்கில் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நசீம் புல்லில் உருண்டான். அவள் விழவில்லை. இடது முன்னங்கால் தொங்க, மூன்று காலில் நின்று, ஏன் நிறுத்திவிட்டார்கள் என்று கேட்கிற மாதிரி சுற்றிலும் பார்த்தாள்.

கால்நடை டாக்டர் வர முக்கால் மணி ஆயிற்று. நல்ல மனிதர், யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவர் பையைத் திறந்தபோது வண்டிக்காரர்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். நசீம் அவள் பிடரியில் முகம் புதைத்திருந்தான். வெங்கடநாராயணன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார்.   கையில் மூச்சு சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது, பிறகு படவில்லை.

"எவ்வளவு பாபு?" என்று வெகுநேரம் கழித்துக் கேட்டான் நசீம். "டைம் எவ்வளவு?"

"பார்க்கலைப்பா," என்றார். பார்த்திருந்தார்.

பால் இல்லாமல், முழங்காலெல்லாம் சேறோடு வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து நாகலட்சுமி காப்பிக்கு வைத்த அடுப்பை அணைத்தாள். எல்லாவற்றையும் சொன்னார்.  

"அந்த அமெரிக்காக் குதிரை கதை என்கிட்ட எத்தனை தரம் சொல்லியிருக்கேள்?"

"நூறு தரம் இருக்கும்."

"நூறு தரமும் கால் ஒடிஞ்சதைச் சொல்லியிருக்கேள். ஒவ்வொரு தரமும் மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைப்பேள். அவாகிட்ட சொன்னேளா?"

அவர் முழங்காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டினார்.

"சொல்லியிருந்தா அந்தப் பையன் ஏறியிருப்பானா?"

"மாட்டான்," என்றார் வெங்கடநாராயணன். "டீ கொடுத்தா, லக்ஷ்மி. எல்லாரும் கை தட்டினா."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஈரத் துணியைக் கொண்டுவந்து, கீழே உட்கார்ந்து, அவர் முழங்கால் சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள். சதீஷுக்கு அவளே போன் செய்தாள். அங்கே வைக்கோல்கூடப் பரப்பியாயிற்றாம்.

மூன்று வாரம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் நாகலட்சுமிதான், "அவன் பிழைப்பு என்னாச்சுன்னு கேக்க வேண்டாமா? வாயால கெடுத்தவர் வாயாலயாவது விசாரிக்கணும்," என்று அனுப்பினாள்.

நசீம் அவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவர் நன்றாகத் தூங்கியிருப்பார். வண்டியில் புதுக் குதிரை பூட்டியிருந்தது. கரும்பழுப்பு, மூக்கைச் சுற்றி நரை.

"அண்ணன் பிடிச்சுக் கொடுத்தான் பாபு. இதுவும் பெட்டை. ரேஸ்கோர்ஸ் குதிரைன்னு வித்தவன் சொன்னான், பேரு தெரியாது. நீங்க பாருங்க. யாரு இவ?"

டீக் கோப்பைகளோடு எல்லோரும் கூடிவிட்டார்கள். சுலைமான்கூட வந்து ஓரமாக, தலையைக் குனிந்தபடி நின்றான்.

வெங்கடநாராயணன் பார்த்தார். இடது காதின் நுனியில் ஒரு சின்ன வெட்டு. நெற்றியில் கோணலான வெள்ளை நட்சத்திரம். அரை நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய குளிர்காலம், ஆயிரம் மீட்டர், அடுத்தடுத்து மூன்று வெற்றி. பெயர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. விநாடி, தசமம், இரண்டாவதாக வந்தவளின் பெயர், எல்லாம் வரிசையில் நின்றன. சுற்றிலும் எல்லா முகமும் அவரையே பார்த்தது.

கழுத்தைத் தடவினார். குளம்பைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"இதுவா? ரேஸா?" என்றார். "நசீம், உங்க அண்ணனை எவனோ நல்லா ஏமாத்திட்டான். இது கல்யாண ஊர்வலத்துல பேண்டுக்குப் பின்னாடி நடந்த குதிரை. இதுக்கு ஓடவே தெரியாது. விரட்டினாலும் ஓடாது. மெதுவா நடத்து."

கூட்டம் சிரித்தது. நசீமின் முகம் சுருங்கிப்போயிற்று. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தங்கள் வண்டிக்குப் போனார்கள். அவருக்கு யாரும் டீ வாங்கித் தரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே சதீஷைக் கூப்பிட்டு, ராஜர்ஹாட்டில் அவளுக்காகப் போட்ட ஷெட்டைக் கலைக்க வேண்டாம், அடுத்த சீசனுக்குள் இன்னொன்று வரும் என்றார். எந்தக் குதிரை என்று அவன் கேட்டான். ஏதோ ஒரு கிழட்டுக் குதிரை என்று சொன்னார். அதன் பெயரை நாகலட்சுமியிடம்கூட அவர் சொல்லவில்லை.