எழுத்து வராத இடம்

...செத்தும் போகவில்லை, நித்திரையும் இல்லை, பிறகு ஏன் இந்தச் சுவீடன்காரர்கள் அந்தப் பிள்ளையின் முகத்தையே இவ்வளவு நேரம் காட்டுகிறார்கள், தியேட்டர் இருட்டில் சிவகௌரி கதிரையில் நெளிந்தாள், வெளியே மெல்பேர்ன் முழுக்க நல்ல வெயில், பேசாமல் ஸ்பிரிங்வேல் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போயிருக்கலாம், மகள் வர்ஷாதான் இழுத்துக்கொண்டு வந்தாள், சினிமா படிக்கிறவள், சுவீடனில் இப்போது இளம் ஆட்கள் தங்கள் நாட்டின் குறைகளை ஒளிக்காமல் படம் எடுக்கிறார்கள் என்று ரயிலில் வரும் வழி முழுக்கச் சொன்னாள்... இதுதான் கதை என்று மட்டும் சொல்லவில்லையே. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட குடும்பம், பேச்சையும் சாப்பாட்டையும் விட்டுக் கட்டிலில் சாய்ந்துவிட்ட பத்து வயதுப் பெண், மூக்கில் குழாய், யன்னலுக்கு வெளியே பனி.

வர்ஷாவும் இப்படித்தான் கிடந்தாள், அதே வயதில், இதே நகரத்தில், இனி இங்கே இருக்க விடமாட்டார்களாம் என்று தகப்பன் குசினியில் சொன்னது காதில் விழுந்த அன்றிலிருந்து, கையைத் தூக்கி விட்டால் தொப்பென்று விழும், கன்னத்தில் ஈ இருந்தாலும் இமை அசையாது, பிறகு விசா கிடைத்த கிழமை தானாகவே எழும்பிப் பசிக்குதென்று பாண் கேட்டாள், அதைப் பற்றி வீட்டில் யாருமே கதைத்ததில்லை, ஏன் கதைக்கவில்லை?... திரையில் தாய் குனிந்து பிள்ளையின் காதுக்குள் ஏதோ சொன்னாள், அதுவரை கீழே ஓடிய ஆங்கில மொழிபெயர்ப்பு எழுத்து இப்போது வரவில்லை, அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. என்ன சொல்லுறா என்று சிவகௌரி மெல்லக் கேட்டாள்.

"எழும்பாதை எண்டு சொல்லுறா."

"எழுத்து வரேல்லையே, உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்களும் எனக்கு அதைத்தானே சொன்னனீங்கள், அம்மா." வர்ஷாவின் குரலில் கோபம் இல்லை, கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவும் இல்லை.

சொன்னேனா? இல்லை, நினைத்தது உண்மை, டொக்டரின் அறிக்கை வழக்குக்குப் பலம் என்று லோயர் சொல்லிவிட்டுப் போன பின்னேரம், ஈரத்துணியால் பிள்ளையின் நெற்றியைத் துடைத்தபடி, இன்னும் கொஞ்ச நாள் எழும்பாதை என்று நெஞ்சுக்குள் ஒருதரம் ஓடியது, ஒரேயொருதரம், ஆனால் வாய் திறக்கவில்லை, அறையில் வேறு யாரும் இல்லை, வாய் திறக்கவே இல்லை... அப்படியென்றால் இவளுக்கு எப்படிக் கேட்டது? சிவகௌரி இருட்டில் விரலால் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது அந்தச் சொற்களோடு அசைந்துகொண்டிருந்தது.